மிஜ்விஸ் ஊதப் பழகும்போது எங்கே தவறுகிறோம்?

லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் பக்கம் கல்யாணங்களில் கைகோத்துத் தரையை ஓங்கி மிதித்து ஆடுவார்களே, தப்கே, அந்த ஆட்டத்துக்கு உயிர் கொடுக்கிற கருவி மிஜ்விஸ். ஒரே நீளமுள்ள இரண்டு நாணல் குழல்களைச் சேர்த்துக் கட்டியது; அரபியில் பெயருக்கே ஜோடி என்றுதான் பொருள். ஆசையாக வாங்கிவிட்டுப் புல்லாங்குழல் மாதிரி ஊதிப் பார்ப்பதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

முதலில் வாய். ஒவ்வொரு குழலின் தலையிலும் ஒரு சிறு நாணல் குழாய் செருகியிருக்கும், அதையே கீறி, ஊதினால் அதிர்ந்து சத்தம் தருகிற ஒரு மெல்லிய பட்டை எடுத்திருப்பார்கள், அதுதான் நாக்கு. அந்த நாக்கு முழுசாக வாய்க்குள் போக வேண்டும், உதடு அதற்கு வெளியே காற்று கசியாமல் பிடித்தால் போதும். கிளாரினெட் பழக்கத்தில் உதட்டால் நாக்கை அழுத்தினால் சத்தம் அடைத்துவிடும். நம் மகுடியில் நாக்கைச் சுற்றிக் காற்றை அடைத்து வைக்கிற சுரைக்குடுக்கையின் வேலையை இங்கே வாய் செய்கிறது. அப்படியும் சத்தம் வரவில்லை என்றால் பலமாக ஊதாதீர்கள், நாக்கு ஈரத்தில் ஒட்டியிருக்கலாம். ஒரு தலைமுடியை அதன் அடியில் செருகினால் இடைவெளி கிடைத்து மறுபடி அதிரும்.

அடுத்தது மூச்சு. நிறுத்தி நிறுத்தி ஊதினால் ஆடுகிறவர்களின் கால் தடுமாறும். கன்னத்தில் சேர்த்த காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் உள்ளிழுக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி அறுபடாமல் வரும்வரை அதிலேயே பழகுங்கள், குழலைத் தொட அவசரமில்லை.

ட்யூனர் வைத்து இரண்டு குழலையும் துல்லியமாக ஒரே சுருதிக்குக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இரண்டுக்கும் இடையே இருக்கிற மயிரிழை வித்தியாசம்தான் அந்த அலையடிக்கும் ரீங்காரத்தைத் தருகிறது, அதைத் துடைத்துவிட்டால் மிஜ்விஸில் மிச்சம் என்ன?

விரல் நுனியால் மூடாதீர்கள், ஒரே விரல் பக்கத்துப் பக்கத்துத் துளை இரண்டையும் மூட வேண்டும், அதனால் விரலைத் தட்டையாக வையுங்கள். ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து வந்தால், மூச்சை வெட்டாமல் நடுவில் வேறொரு ஸ்வரத்தை விரலால் தட்டிவிட்டு வர வேண்டும்.

அப்புறம், வாங்கும்போது எகிப்தின் அர்கூலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் ஒரு குழலில் துளையே இருக்காது, சுருதிக்கு மட்டும்தான். மிஜ்விஸ் என்றால் இரண்டு குழலிலும் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கும்.