சோடியம் நைட்ரைட்டைக் கொண்டு டையசோ ஆக்கல்: அளவும் எச்சரிக்கையும்

அனிலின் போன்ற அமீனை அமிலத்தில் சோடியம் நைட்ரைட்டோடு சேர்த்து, சாயம் செய்ய உதவும் டையசோனிய உப்பாக மாற்றுவதே டையசோ ஆக்கல். சோடியம் நைட்ரைட் பார்வைக்குச் சமையல் உப்பேதான்; லேசான மஞ்சள் சாயலை வைத்து இனம் காண முடியாது. பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியில் அதை ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். உடலுக்குள் போனால் ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக மாற்றும். இரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். உதடோ நகமோ நீலம் பாரித்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அனிலினும் இதே கேட்டைச் செய்யும், அதுவும் தோல் வழியாகவே. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, ஃபியூம் ஹூட் (நச்சுப் புகையை வெளியே இழுக்கும் கூண்டு) மூன்றும் கட்டாயம்.

இந்த உப்பு ஈரத்தை இழுக்கும். காற்றுப்பட்டால் மெல்ல நைட்ரேட்டாகும். கட்டிதட்டிய பழைய புட்டியிலிருந்து எடுத்தால் எடை சரியாக இருந்தும் நைட்ரைட் குறையும். அதனால் தராசை மட்டும் நம்பாமல் ஸ்டார்ச்-அயோடைடு தாளையும் (அமிலக் கரைசலில் நைட்ரைட் மீந்திருந்தால் நீலமாகும் சோதனைத் தாள்) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 10 மி.லி. நீரில் சேர்த்து, அதில் 1 மி.லி. அனிலினைக் கரையுங்கள். பீக்கரைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து 5° செல்சியஸுக்குக் கீழே கொண்டுவாருங்கள். 0.8 கிராம் சோடியம் நைட்ரைட்டை 4 மி.லி. நீரில் கரைத்து அதையும் குளிரவைத்து, கலக்கியபடியே சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெப்பமானி 5-ஐத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் பழுப்புப் புகை எழும்: நைட்ரஸ் அமிலம் சிதைந்து வரும் நச்சு வாயு அது. கரைசல் சூடானால் குமிழி விடும், ஃபீனால் வாடை வரும். டையசோனியம் நைட்ரஜனை இழந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அமிலத்தில் சிக்கனம் பிடித்தாலும் கெடும். மீந்த அனிலினோடு டையசோனியமே சேர்ந்து மஞ்சள் வீழ்படிவு இறங்கும்.

கடைசிச் சொட்டுகளில் வினை மந்தப்படும். மூன்று நிமிடம் பொறுத்து, கண்ணாடிக்கோலால் ஒரு சொட்டைத் தாளில் வையுங்கள். தொட்டதுமே கருநீலமானால் நைட்ரைட் போதும். சற்று நேரம் கழித்து வரும் நீலத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது காற்றின் வேலை. நைட்ரைட் மிகையாக இருந்தால் சிறிது சல்ஃபாமிக் அமிலம் சேர்த்து அழியுங்கள். நைட்ரஜன் குமிழிகளாக வெளியேறும்.

டையசோனியத்தை இன்னொரு சேர்மத்தோடு சேர்த்துச் சாயமாக்கும் இணைப்பு வினைக்கு 1.6 கிராம் 2-நாஃப்தாலை 15 மி.லி. 10% சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்துக் குளிரவைத்து, டையசோனியக் கரைசலை அதில் மெல்ல விடுங்கள். விழுந்த இடத்திலேயே செம்மஞ்சள் சாயம் திரளும். டையசோனிய உப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வடிகட்டி உலர்த்த வேண்டாம். உலர்ந்தால் வெடிக்கும்.

சோடியம் நைட்ரைட் புட்டியை அமிலம், அம்மோனியம் உப்புகள், கரிமப் பொருள்கள் எதன் பக்கத்திலும் வைக்கக் கூடாது. அம்மோனியம் உப்போடு கலந்து சூடேறினால் வெடிக்கவும் கூடும். நைட்ரைட்டோடு ஈரிணைய அமீன்களும் அமிலமும் சேர்ந்தால் புற்றுநோய் விளைவிக்கும் நைட்ரோசமீன்கள் உருவாகும். சிந்தியதைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடாதீர்கள். நைட்ரைட் ஊறி உலர்ந்த காகிதம் எளிதில் தீப்பற்றும். நீரால் நனைத்து அள்ளி, மிச்சக் கரைசலை ஃபியூம் ஹூட்டில் நன்றாக நீர் சேர்த்து நீர்க்கச் செய்து, சல்ஃபாமிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, தாள் நீலமாகாத நிலை வரும்வரை கொண்டுபோங்கள்.