ரப்பர் விலையில் தொடங்கிய என் மைனர்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. அப்பா தானே பால் வெட்டுவார். விடிவதற்கு முன்பே தலைவிளக்கோடு போய்விடுவார். மாலையில் வீட்டுக்குள் வந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மக்களே, கோட்டயத்துல இன்னைக்கு வெல என்ன?" ரப்பர் வாரிய இணையதளத்தில் பார்த்துச் சொல்வேன். அங்கே கேரளத்தின் கோட்டயம் சந்தை விலைக்குப் பக்கத்திலேயே தாய்லாந்தின் பாங்காக் விலையும் போட்டிருக்கும். நாங்கள் புகைபோட்டுக் காயவைக்கும் ஷீட்டுக்கு பாங்காக்கில் என்ன வேலை? இந்தக் கேள்வியோடுதான் வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சேர்ந்தேன், மைனராக, அதாவது முதன்மைப் பாடத்தோடு கூடவே படிக்கும் சிறு பாடப்பிரிவாக, தென்கிழக்கு ஆசியாவை எடுத்தேன்.

நீங்களும் அப்படி ஒரு பகுதியை மைனராகப் படிக்க நினைத்தால், நாட்டைத் தேடாதீர்கள், கேள்வியைத் தேடுங்கள். உங்கள் வீட்டு வாசலில் தொடங்கி அந்தப் பகுதிக்குப் போகிற கேள்வியாக அது இருக்க வேண்டும். ஒரே துறை முழுப் பதிலையும் சொல்லிவிட முடிந்தால் அதற்கு மைனர் தேவையில்லை.

என் கேள்வி எங்கெல்லாம் இழுத்துக்கொண்டு போனது என்று சொல்கிறேன். இயற்கை ரப்பரை அதிகம் விளைவிப்பது தாய்லாந்து, அடுத்தது இந்தோனேசியா. அதிகம் வாங்குவது சீனா, பெரும்பகுதி டயருக்கு. தெற்குத் தாய்லாந்தில் பெருமழை பெய்து வெட்டு நின்றால் விலை ஏறும். செயற்கை ரப்பர் பெட்ரோலியத்திலிருந்து வருவதால் கச்சா எண்ணெய் விலையும் இதில் தலையிடும். இவ்வளவும் பொருளாதாரம். ஆனால் மரம் பிறந்த பிரேசிலை விட்டுவிட்டு ரப்பர் ஏன் ஆசியாவில் செழித்தது? அதற்குத் தாவரவியல் வேண்டும். அமெரிக்கக் கண்டத்தின் இலைக்கருகல் நோய் அங்கே பெருந்தோட்டங்களை வாழவிடவில்லை. வரலாறும் வேண்டும். 1876-ல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குச் சுமார் 70,000 விதைகளைக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த கன்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அப்புறம் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பெரும்பாலும் உழைத்தவர்கள் யார்? தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகள் கூட்டிப்போன நம் தமிழ் மக்கள். அன்றைய இந்திய அரசு 1938-ல் தடை போடும்வரை அப்படி ஆள் கூட்டிப்போவது நடந்தது. இந்த இடத்தில் கேள்வி சமூகவியலாகிவிட்டது. அப்பா கையில் இருக்கும் அதே வெட்டுக்கத்தியை ஒரு நூற்றாண்டுக்கு முன் அங்கே பிடித்திருந்தவர்களின் மொழியும் தமிழ்தான் என்று தெரிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குளச்சல்காரி ஒருத்தி என்னோடு படித்தாள். அவள் கேள்வி 2004 டிசம்பர் 26 சுனாமி. இந்தோனேசியாவின் சுமாத்ரா தீவுக்கு மேற்கே கடலடியில் நடந்த நிலநடுக்கம் எங்கள் மாவட்டக் கரையை எப்படி அடித்தது என்று நிலவியலில் தொடங்கினாள். போய் முடித்தது அரசியலில். அதே அலை அழித்த, அந்தத் தீவின் ஆச்சே மாநிலத்தில் பல ஆண்டு நடந்த ஆயுதப் போராட்டம், 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் கையெழுத்தான உடன்பாட்டில் முடிந்தது. பேரழிவு ஏன் அங்கே சமாதானத்துக்கு வழிவிட்டது என்பதுதான் அவள் கட்டுரை.

சரி, பாடங்களை எடுக்கும் கணக்கு. யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதில் மைனருக்கு 24. நான்காண்டுக்கு 160, அதில் 32. ஆறு முதல் எட்டுப் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பருவத்தில் நான் 'அறிமுகம்' என்று தொடங்கும் இரண்டு பாடங்களைச் சேர்த்து எடுத்தேன். இரண்டிலும் 1967-ல் பாங்காக்கில் ஐந்து நாடுகள் ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பைத் தொடங்கிய கதைதான். அறிமுகம் ஒன்று போதும். மிச்சத்தை வேறு வேறு துறையிலிருந்து எடுங்கள்: ஒரு வரலாறு, ஒரு அரசியல், ஒரு சூழலியல், ஒரு மொழி.

மொழியை மட்டும் விடவே கூடாது. நான் மலாய் எடுத்தேன். ஆங்கில எழுத்திலேயே எழுதுகிறார்கள், வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறாது. கடையைக் 'கெடாய்' என்றும், கப்பலைக் 'கப்பால்' என்றும், இந்துக் கோயிலைக் 'குயில்' என்றும் சொல்கிறார்கள். நம் வார்த்தைகள் அங்கே குடியேறி இருப்பதைப் பார்க்கும்போது மொழிப்பாடமே வரலாற்றுப் பாடமாகிவிடும்.

நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் மைனர் என்றே இருக்காது, 'அலைடு' என்ற துணைப்பாடம்தான் இருக்கும். அதற்காக விட்டுவிட வேண்டாம். ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளம் வழியாக எடுக்க யுஜிசி விதி இடம் தருகிறது. ஆனால் தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன் துறைத்தலைவரிடம் பேசி, கிரெடிட்டை ஏற்பார்களா என்று கேளுங்கள். வாசிக்க, சிங்கப்பூரின் ஐசியாஸ் யூசோப் இஷாக் ஆய்வு நிறுவனம் சிறு ஆய்வறிக்கைகளை இணையத்தில் இலவசமாகப் போடுகிறது. வாரம் ஒன்று படித்தால் போதும். நான் ஒரு நோட்டில் இடப்பக்கம் அங்கே நடப்பதையும், வலப்பக்கம் அன்றைய கோட்டயம் விலையையும் எழுதிவந்தேன். கடைசிப் பருவக் கட்டுரைக்கு அந்த நோட்டுதான் கைகொடுத்தது.

ஒரு விஷயம், மறக்காதீர்கள். மைனரின் பெயர் பட்டச் சான்றிதழில் அச்சாகுமா, மதிப்பெண் பட்டியலில் மட்டும் வருமா என்று முதல் ஆண்டிலேயே எழுத்தில் வாங்கிவையுங்கள். நான் வாய்வார்த்தையை நம்பினேன். பட்டம் கையில் வந்தபோது தென்கிழக்கு ஆசியா என்ற சொல்லே அதில் இல்லை. நாகர்கோவிலிலிருந்து மூன்று முறை ரயில் ஏறிப் போய்த்தான் தனிச் சான்று வாங்கினேன்.