வெளியே நிற்கும் ஏசி பெட்டியை எந்தப் பக்கத்திலிருந்து கழுவுவது?

மத்தியானம் மூன்று மணிக்கு, வெயில் மண்டையைப் பிளக்கும் நேரமாகப் பார்த்துத்தான் என் ஏசி கைவிரிக்கும். பொழுது சாய்ந்ததும் ஒன்றுமே நடக்காதது போலக் குளிரும். வந்த மெக்கானிக் "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று நிரப்பிவிட்டுப் போனார். பத்தே நாளில் பழைய கதை. கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீருகிற சமாச்சாரம் இல்லை. எங்கேயாவது கசிந்தால்தான் குறையும். என் ஏசியில் கசிவே இல்லை. கோளாறு வெளியே நிற்கும் பெட்டியில் இருந்தது.

அறைக்குள்ளிருந்து இழுத்த சூட்டை அந்தப் பெட்டியில் வளைந்து வளைந்து போகும் குழாய் அடுக்கு, அதாவது காயில் (coil), வெளிக்காற்றில் கொட்ட வேண்டும். சாதாரண ஏசிகளுக்குச் சொல்லப்படும் டன் கணக்கு, வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. வெயில் 45ஐத் தொட்டால் திறன் தானாகவே இறங்கும். அதற்கு மேல் காயிலில் நெருக்கமாக நிற்கும் மெல்லிய தகடுகளான ஃபின்களின் இடுக்கில் தூசியும் அடைத்தால் கம்ப்ரசர் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். கடல் பக்கமென்றால் உப்பும் சேர்ந்து தூசியைப் பசையாக்கிவிடும். செம்புக் குழாயும் அலுமினிய ஃபினும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும்.

சரி, வேலைக்கு வருவோம். உள்ளே இருக்கும் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புழுதி அடிக்கும் நாட்களில் வாராவாரம், கழுவிக் காயவைத்து மாட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ரிமோட்டில் நிறுத்தினால் போதாது, ஏசிக்கு மின்சாரம் தரும் பாதுகாப்பு சுவிட்சான எம்.சி.பியை இறக்குங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். பெட்டி மாடிச்சுவரில் அந்தரத்தில் தொங்குகிறது என்றால் இதோடு நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

2. தண்ணீர் படுவதற்கு முன்பே, பெயிண்ட் அடிக்கும் மெல்லிய பிரஷ்ஷால் வெளிப்பக்கத் தூசியைத் தட்டி எடுங்கள். மேலிருந்து கீழாக, ஃபின் போகும் திசையிலேயே. குறுக்கே தேய்த்தால் ஃபின் மடங்கும்.

3. இங்கேதான் நான் மாட்டினேன். ஹோஸ் பைப்பை எடுத்து வெளியிலிருந்து பீய்ச்சி அடித்தேன். கறுப்புத் தண்ணீர் ஓடியது, மனசுக்குத் திருப்தி. ஒரு வாரத்தில் ஏசி முன்பைவிட மோசம். ஃபேன் காற்றைக் காயில் வழியாக உள்ளே இழுக்கிறது, அதனால் தூசி காயிலின் வெளிமுகத்தில் படிகிறது. வெளியிலிருந்து அடித்த தண்ணீர் அதையெல்லாம் உள்ளே தள்ளிவிட்டது. என் காயிலுக்கு இரண்டு அடுக்கு. இரண்டுக்கும் நடுவே சேறு போய் உட்கார்ந்துகொண்டது.

ஆகவே தண்ணீர் உள்ளிருந்து வெளியே போக வேண்டும். மேல்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் காயிலின் உட்பக்கம் தெரியும். ஒரு ஓரத்தில் ஒயர்களும் கெபாசிட்டரும் இருக்கும். அவற்றைத் தொடவே தொடாதீர்கள், எம்.சி.பியை இறக்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். அந்தப் பக்கத்தையும் ஃபேன் மோட்டாரையும் பாலித்தீன் பையால் மூடிவிட்டு, பூவாளி போலத் தூவும் தண்ணீரை மேலிருந்து மெதுவாக விடுங்கள். வெளிமுகத்தில் தெளிந்த நீர் வடியும்வரை விட வேண்டும்; எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. கைவைக்கத் தயக்கமாக இருந்தால் மெக்கானிக்கைத் திறந்து தரச் சொல்லுங்கள், ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். பலரும் நான் செய்த தப்பைத்தான் செய்கிறார்கள்.

பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், ஃபின்கள் படுத்துவிடும். ஆசிட் கலந்த திரவங்களும் வேண்டாம். உப்பு வெறும் தண்ணீரில் கரையும் பொருள், அதற்கு எதற்கு மருந்து?

4. நன்றாகக் காய்ந்த பிறகு மூடி, ஏசியை ஓடவிடுங்கள். கால் மணி நேரம் கழித்து, உள் யூனிட்டுக்குள் போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் நல்லது. எனக்கு 5 இருந்தது 10 ஆனது. ஏசிக்காக வாங்கிய சாமான்களில் உருப்படியானது இந்தத் தெர்மாமீட்டர்தான்.

வெளிப் பெட்டிக்கு நிழல் நல்லது. ஆனால் நான் ஆர்வக்கோளாறில் மூன்று பக்கமும் தகரம் அடித்தேன். வெளியேற்றிய சூடான காற்றையே அது திரும்ப இழுத்துக்கொண்டது. இப்போது மேலே மட்டும் ஒரு கூரை, அதுவும் ஒரு முழம் உயரத்தில்.

அப்புறம், 16இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பார்கள். கொதிக்கும் மத்தியானத்தில் கம்ப்ரசருக்கு ஓய்வு கிடைக்காது, அவ்வளவுதான். நான் 26இல் வைத்து மின்விசிறியும் போடுகிறேன்.

பின்சேர்க்கை: கழுவியதும் எம்.சி.பி விழுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒயர் இணைப்பில் ஈரம் போயிருக்கலாம். திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்காமல் ஒரு நாள் காயவிடுங்கள். அதன் பிறகும் விழுந்தால் எலெக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும்.

பிரஷ் பட்டதுமே ஃபின் உதிர்கிறது என்று இன்னொருவர். அந்தக் காயில் முடிந்த கதை, எவ்வளவு கழுவினாலும் மீளாது. மாற்றும்போது அரிப்பைத் தடுக்கும் பூச்சுள்ள காயிலாகக் கேளுங்கள். பழைய காயில்மேல் ஸ்ப்ரே அடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், உப்பு பூச்சுக்கு அடியிலேயே மாட்டிக்கொள்ளும். கடலோரத்தில் இருப்பவர்கள் புதுக் காயிலை முதல் மாதத்திலிருந்தே மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசத் தொடங்கிவிடுங்கள்.