நல்லர்பார் சாலையில் முதல் முறை கார் ஓட்டப் போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் போர்ட் அகஸ்டாவிலிருந்து நார்ஸ்மன் வரை சுமார் 1,660 கிலோமீட்டர் நீளும் ஏர் நெடுஞ்சாலை நல்லர்பார் வறண்ட சமவெளியைத் தாண்டிப் போகிறது. வெயிலைச் சொல்லித்தான் எல்லாரும் பயமுறுத்துவார்கள். என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது சாயங்காலத்துக்கு.

முதலில் பெட்ரோல். நார்ஸ்மனை விட்டால் அடுத்த பங்க் பல்லடோனியாவில், கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர் தள்ளி. அதனால் அரை டாங்க் இருக்கிறதே என்று எந்த பங்கையும் தாண்டாதீர்கள், விலையைப் பார்த்து வயிறு எரிந்தாலும் நிரப்புங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் கணக்கில் தண்ணீர் வேண்டும், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பழம், காய்கறி வாங்கி அடைக்க வேண்டாம், மாநில எல்லைச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள்.

அப்புறம் நேரம். வெளிச்சம் நன்றாக வந்தபின் கிளம்பி, சூரியன் இறங்கும் முன் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். மாநில எல்லைக்கு அருகிலிருக்கும் யூக்லா என்ற ஊர்ப் பக்கம் கடிகாரம் மேற்கு ஆஸ்திரேலியத் தலைநகர் பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னால் ஓடும், செல்போன் வேறு நேரம் காட்டலாம், ஆகவே சூரியனையே பாருங்கள். பொழுது சாய்ந்தால் கங்காருகள் சாலையோரப் புல்லுக்கு வரும். வாம்பட் என்ற குட்டையான, பருத்த விலங்கு இன்னும் மோசம்: தரையோடு தரையாகப் பாறாங்கல் போல உட்கார்ந்திருக்கும், ஹெட்லைட் வெளிச்சத்தில் அது கல் இல்லை என்று புரிவதற்குள் பம்பருக்கு முன்னால் வந்துவிடும். குறுக்கே எது வந்தாலும் ஸ்டியரிங்கை வெட்டாமல் நேராகவே பிரேக் போடுங்கள், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வெட்டினால் சக்கரம் சரளையில் இறங்கி வண்டி உருண்டுவிடும்.

அடுத்து ரோடு டிரெயின், அதாவது பல டிரெய்லர்களை இழுத்து வரும் லாரி. 36.5 மீட்டர் நீளம்கூட இருக்கும். அது 100-ல் போக நீங்கள் 110-ல் முந்தினால், முன்னும் பின்னும் இடைவெளி விட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள், முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, 1.3 கிலோமீட்டர் தூரம்! எதிரே வரும் வண்டியும் அதே நேரத்தில் நெருங்கும், அதனால் அதைப்போல் இரண்டு மடங்கு சாலை காலியாகத் தெரியாவிட்டால் பின்னாலேயே போங்கள்.

பல்லடோனியா - கைகுனா இடையே 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவு கிடையாது. கண் திறந்திருக்கும், மூளை தூங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். சாலைமேலேயே பெரிய வெள்ளைப் பட்டைகள் வந்தால் குழம்ப வேண்டாம், அது பறக்கும் மருத்துவர் விமானம், அதாவது தொலைதூர இடங்களுக்கு அவசர சிகிச்சைக்கு வரும் விமானம், இறங்கும் இடம்.

வண்டி நின்றுபோனால்? பெரும்பாலான தூரத்துக்கு சிக்னல் கிடையாது, முடிந்தால் சாட்டிலைட் போன் வைத்திருங்கள். பானட்டைத் தூக்கிவிட்டு வண்டி நிழலிலேயே இருங்கள், உதவி தேடி நடக்கவே நடக்காதீர்கள். வருகிற லாரிக்காரர் கண்ணில் உங்களைவிட உங்கள் கார்தான் முதலில் படும்.