வாகன யன்னலில் இருந்து விலங்குகளைப் படம் எடுப்பது: பண்ணைப் பாலத்தில் பழகி, வில்பத்துவுக்குப் போகலாம்

வில்பத்து தேசியப் பூங்காவுக்கோ ரிதியகம சஃபாரி பூங்காவுக்கோ போய் வந்தவர்களின் படங்களைப் பெருப்பித்துப் பார்த்தால் அநேகமாக இரண்டு குறைகள்தான் இருக்கும். ஒன்று, விலங்கு கலங்கித் தெரியும். மற்றது, அது முதுகைக் காட்டிக்கொண்டு பற்றைக்குள் போய்க்கொண்டிருக்கும். முதலாவதற்குக் காரணம் ஆட்டம். இரண்டாவதற்குக் காரணம் வாகனத்தை நிறுத்திய விதமும், உள்ளே இருந்தவர்கள் நடந்துகொண்ட விதமும். கமராவின் விலைக்கும் இவற்றுக்கும் பெரிய தொடர்பு இல்லை.

1. பயறுப் பை

மூன்றுகால் ஸ்டாண்டை வாகனத்துக்குள் விரிக்க முடியாது. அதற்குப் பதில் ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜீன்ஸின் கால் பகுதியில் 30 செ.மீ. வெட்டி, ஒரு முனையை இரட்டைத் தையல் போட்டு அடையுங்கள். உள்ளே ஒரு பொலித்தீன் பை வைத்து, அதற்குள் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பயறு போட்டுக் கட்டிவிட்டு, மறு முனையையும் தையுங்கள். முக்கால்வாசிதான் நிரம்ப வேண்டும். முட்ட நிரப்பினால் லென்ஸ் மேலே உருளும். பாதியாக விட்டால் லென்ஸ் அமிழ்ந்து கதவு விளிம்பில் இடிக்கும். பயறுக்குப் பதில் அரிசியும் போடலாம். உமி வேண்டாம், பாரம் போதாது.

யன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கி, பையைக் கதவு விளிம்பில் குறுக்கே போட்டு, லென்ஸை அதில் அழுத்தி வையுங்கள். பாதி இறக்கிய கண்ணாடியின் மேல் பாரம் ஏற்றாதீர்கள். சஃபாரி ஜீப்பில் பக்கவாட்டுக் கம்பியில் அப்படியே போடலாம்.

2. கமராவை முதல் நாளே சரிசெய்தல்

ஷட்டர் வேகத்தை நீங்கள் தீர்மானிக்கும் நிலையில் வையுங்கள். கனனில் அது ‘டி-வி’, நிக்கோனிலும் சோனியிலும் ‘எஸ்’. நின்று மேயும் மானுக்கு 1/500 செக்கன், நடக்கும் விலங்குக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000. ஐ.எஸ்.ஓ-வை (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) தானியங்கியில் விட்டு, உச்ச எல்லையை 6400 ஆக்குங்கள். காலை 6 மணி வெளிச்சத்தில் படத்தில் மணல்மணலாகப் புள்ளிகள் விழும், அதற்குப் பயப்பட வேண்டாம். புள்ளியைப் பிறகு குறைக்கலாம், கலங்கலைத் திருத்த வழியில்லை.

ஃபோகஸைத் தொடர் நிலைக்கு மாற்றுங்கள்: கனனில் ‘ஏஐ சேர்வோ’, மற்ற இரண்டிலும் ‘ஏஎஃப்-சி’. ஒற்றைப் புள்ளியைத் தெரிவுசெய்து விலங்கின் கண்ணில் வையுங்கள். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால், கமரா முன்னால் நிற்கும் புல்லைத்தான் பிடிக்கும்.

லென்ஸ் எவ்வளவு தேவை? சாதாரண சிறு சென்சர் கமராவில் 300 மி.மீ. லென்ஸ் போட்டு 30 மீற்றர் தூரத்தைப் பார்த்தால், படத்தின் அகலத்துக்குள் அடங்குவது ஏறக்குறைய 2.3 மீற்றர். பக்கவாட்டில் நிற்கும் சிறுத்தை அதில் பாதியைப் பிடிக்கும். அது போதும். 70–300 அல்லது 55–250 லென்ஸோடு தொடங்குங்கள். போனில் எடுப்பவர்கள் விரலால் இழுத்துப் பெருப்பிக்காமல், விலங்கையும் அது நிற்கும் இடத்தையும் சேர்த்து எடுப்பது நல்லது.

3. பண்ணைப் பாலத்தில் பயிற்சி

இது இருவர் வேலை: ஒருவர் ஓட்ட, ஒருவர் எடுக்க. பாதை யாழ் கோட்டையடியில் இருந்து கடலேரியைக் கடந்து தீவுப் பக்கம் தென்மேற்காக ஓடுவதால் வெளிச்சத்தைக் கணக்குப் பண்ணுவது இலகு. காலையில் தீவுப் பக்கமிருந்து நகருக்குத் திரும்பும்போது இடப்பக்க யன்னலால் எடுத்தால் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். மாலையில் நகரிலிருந்து வெளியே போகும்போது அதே இடப்பக்கம். இரண்டு வேளையும் வாகனம் தன் பக்கத்து ஓரத்திலேயே நிற்கும். வீதியைக் குறுக்கே கடக்கத் தேவையில்லை. பஸ் ஓடும் வீதி இது, முழுதாக ஓரங்கட்டிய பிறகுதான் கமராவைத் தூக்க வேண்டும்.

கொக்கோ நாரையோ கண்ணில் பட்டதும் பிரேக் போடாதீர்கள். 50, 60 மீற்றருக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மெல்ல ஊர்ந்து போய் நிறுத்தி, எஞ்சினை அணையுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போவது ஆபத்து. பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். கதவைத் திறக்கவே கூடாது. பறவைக்கு வாகனம் என்பது பழகிய ஒரு பெரிய உருவம். அதிலிருந்து கையோ தலையோ நீண்டால் அந்த உருவம் உடையும், பறவை எழும்பிவிடும். விலங்குக்கும் இதே கதைதான்.

வெள்ளைக் கொக்கு வெளிறிப் போய் இறகே தெரியாவிட்டால் எக்ஸ்போஷர் திருத்தத்தை (படத்தின் வெளிச்ச அளவை) -0.7க்கு இறக்குங்கள். வெளிச்சமான வானத்துக்கு எதிரே விலங்கு கறுத்துப்போனால் +1க்கு ஏற்றுங்கள்.

மாரி தொடங்கி வெளிநாட்டுப் பறவைகள் வந்த பிறகு, 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளத்துக்கும் ஒருமுறை போய்ப் பழகுங்கள்.

4. வில்பத்துவில்

யாழ்ப்பாணத்தில் இருந்து அநுராதபுரத்துக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர். பூங்காவின் ஹுனுவிலகம வாசல் அங்கிருந்து புத்தளம் வீதியால், நொச்சியாகமவுக்கும் அப்பால். காலை 6 மணிக்கு உள்ளே போகவேண்டும் என்றால் இரவு அந்தப் பக்கமே தங்குவது நல்லது. தங்கும் அறையில் ஏ.சி. இருந்தால் ஒரு சிக்கல் உண்டு: குளிர்ந்த லென்ஸ் வெளிக்காற்றுப் பட்டதும் பனி பூத்துவிடும். துடைத்தாலும் திரும்பப் பூக்கும். புறப்படுவதற்கு அரை மணித்தியாலம் முன்னே கமராப் பையை, சிப்பைத் திறக்காமல், வெளியே வைத்துவிடுங்கள்.

ஜீப் சாரதியிடம் ஏறும்போதே சொல்லிவையுங்கள்: விலங்கைக் கண்டால் வெயில் முதுகுப் பக்கம் விழும்படி நிறுத்தி, எஞ்சினை அணைக்க வேண்டும். சிங்களம் வராதவர்களுக்கு மூன்று சொற்றொடர்கள் போதும். ‘எஞ்சின் ஒஃப் கரன்ன’ என்றால் எஞ்சினை நிறுத்துங்கள். ‘டிகக் இஸ்ஸரஹட்ட’ கொஞ்சம் முன்னுக்கு, ‘டிகக் பஸ்ஸட்ட’ கொஞ்சம் பின்னுக்கு. பக்கத்தில் இருப்பவர் சீட் மாறினாலும் ஜீப் ஆடும்; எடுக்கும் நேரம் எல்லாரும் அசையாமல் இருக்க வேண்டும்.

எஞ்சின் அணைந்திருந்தால் காடும் கேட்கும். புள்ளிமான் கூவென்று திரும்பத் திரும்பக் கத்தி, மந்தியும் குரைத்தால் பக்கத்தில் சிறுத்தை இருக்கக்கூடும். துரத்திக்கொண்டு ஓடாமல் மான்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பாருங்கள். பாலைப்பழக் காலத்தில், வைகாசி ஆனியில், பாலை மரங்களை அண்ணாந்து பார்க்கவும் மறக்க வேண்டாம். கரடி மேலேயே ஏறி இருந்து தின்னும்.

எழும்பி நின்று எடுத்தால் விலங்கு சிறுத்து, மண்தரையோடு ஒட்டித் தெரியும். சீட்டில் இருந்தே எடுங்கள். செம்மண் தூசிக்குள் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள்; ஓடும்போது ஒரு துவாயால் கமராவை மூடிவையுங்கள். லென்ஸில் படிந்த தூசியைச் சிறிய ரப்பர் ஊதியால் ஊதிவிடுங்கள், துணியால் தேய்த்தால் கீறும். ஃபிளாஷ் வேண்டாம். சாப்பாடு எறிவது, கூப்பிடுவது, கைதட்டுவது எதுவும் கூடாது. யானை மேய்ச்சலை நிறுத்தி, காதை விரித்து ஜீப்பை நேரே பார்த்தால் கமராவைக் கீழே வைத்துவிட்டுச் சாரதியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படம் வேண்டாம்.

5. கண்ணாடிக்குள்ளால் எடுப்பதென்றால்

2016இல் திறந்த ரிதியகம சஃபாரி பூங்காவில் ஆபிரிக்கச் சிங்கங்களைப் பூங்காவின் பஸ்ஸில் இருந்துதான் பார்ப்பீர்கள். இடையில் கண்ணாடி வந்தால், லென்ஸின் முன்னால் ரப்பர் ஹூட் மாட்டிக் கண்ணாடியோடு நேராக ஒட்டுங்கள். கறுப்புச் சட்டை போட்டிருந்தால் உங்கள் பிம்பமும் விழாது. கம்பிவலை என்றால் லென்ஸை வலைக்குக் கிட்டக் கொண்டுபோய், அப்பேச்சரை (லென்ஸின் துவாரத்தை) முழுதாகத் திறந்து, வலையில் நிழல் விழும் பக்கமாகப் பார்த்து எடுங்கள். வெயில் பட்ட கம்பி படத்தில் வெள்ளைப் புகையாகப் படரும்.

6. அங்கேயே பார்த்துத் திருத்துங்கள்

முதல் சில படங்களைத் திரையில் பெருப்பித்துக் கண்ணைப் பாருங்கள். படம் முழுதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அல்லது வாகனம் ஆடியிருக்கிறது. பின்னணி தெளிவாக இருந்து விலங்கு மட்டும் இழுபட்டால் ஷட்டர் வேகம் போதவில்லை, ஒரு படி ஏற்றுங்கள். புல் தெளிவு, விலங்கு மங்கல் என்றால் ஃபோகஸ் புள்ளி இடம் மாறியிருக்கிறது. எல்லாமே நெளிந்து, தண்ணீருக்குள் கிடப்பதுபோல் இருந்தால் அது வெக்கை. காலை 9 மணி தாண்டினால் கடலேரியிலும் வெட்டவெளியிலும் இது வரும். எந்த அமைப்பாலும் தீராது. கிட்ட நிற்கும் விலங்குகளை மட்டும் எடுங்கள், தூரத்தில் நிற்பவற்றை மாலை வெயில் தணிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.