சலுகையை அறிவிக்கும் முன் ஊழியரிடம் கேளுங்கள்

ஊழியர் நலனுக்குச் செலவிட நினைக்கும் முதலாளிகள் பலர் முதலில் உடற்பயிற்சிக் கூடச் சந்தாவைத்தான் வாங்குகிறார்கள். அதற்கு முன், பெயர் எழுதத் தேவையில்லாத ஒரு சிறிய படிவத்தைக் கொடுத்து, "உங்களை அதிகம் வாட்டுவது எது?" என்று கேளுங்கள். கைக்குழந்தை உள்ளவருக்கு வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும். வயதான பெற்றோரைக் கவனிப்பவருக்கு அவசர விடுப்பு வேண்டும். கடனில் இருப்பவருக்குச் சம்பளம் குறித்த நாளில் வந்தாலே பாதிப் பாரம் இறங்கும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய சலுகை வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு வைப்பதுதான். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்தச் சுமையைக் குறைக்காமல் தியான வகுப்பு மட்டும் நடத்துவது நியாயமே இல்லை.

மருத்துவக் காப்பீட்டில் மனநல சிகிச்சையும் அடங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆலோசகர் வெளியாளாக இருக்கட்டும். அவரிடம் யார் போனார்கள் என்ற விவரம் அலுவலகத்துக்கு வரவே கூடாது. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் ஒருவரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

மேலாளரே விடுப்பு எடுக்காத இடத்தில் மற்றவர் எப்படித் துணிந்து கேட்பார்? அவர் முதலில் எடுக்கட்டும். விடுப்பில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைக்கவும் வேண்டாம். ஆறு மாதம் கழித்து, எந்தச் சலுகையை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். யாரும் தொடாததை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை அவர்கள் படிவத்தில் கேட்டிருந்ததற்குத் திருப்பிவிடுங்கள்.