மூலிகைத் தொட்டியில் வேர் அழுகல்: நாம் செய்யும் தவறுகள்

கற்பூரவள்ளி தலை தொங்கினால் நம் கை உடனே தண்ணீர்க் குவளையைத் தேடுகிறது. வடசென்னை மொட்டை மாடிகளில் மூலிகைச் செடிகள் சாவதற்கு முதல் காரணம் இந்த அவசரம்தான் என்பேன். மண்ணில் தண்ணீர் இல்லாவிட்டாலும் செடி வாடும். தண்ணீர் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாவிட்டாலும் வாடும். இரண்டில் எது என்று பார்க்காமல் ஊற்றக் கூடாது.

விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருக்கிறது, சாயங்காலம் ஆகியும் செடி நிமிரவில்லை என்றால் கோளாறு வேரில்தான். ஓரமாகக் கிளறி ஒரு வேரை எடுத்து, இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரில் பழுப்பேறிய தோல் கொழகொழவென்று கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே மெல்லிய நரம்பு மட்டும் மிஞ்சும். மோந்தால் நாறும். இப்படித் தோல் கழன்றால் பெரும்பாலும் அது பித்தியம் என்ற வேரழுகல் கிருமியின் வேலை. பித்தியம், அதைப் போன்ற பைட்டாப்தோரா இரண்டின் வித்துகளும் ஈர மண்ணில் நீந்தியே அடுத்த வேருக்குப் போய்விடும். அவை பரவ நாம்தான் குவளை குவளையாக வசதி செய்து தருகிறோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் மோசமாகும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் மழைக்காலம் முடியும்வரை எடுத்துவிடுங்கள். அடித் துளை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள். கற்றாழையும் துளசியும் வைக்கும் மண்ணில் மூன்றில் ஒரு பங்காவது மணல் இருக்கட்டும். லாரியில் வரும் செம்மண்ணை அப்படியே நிரப்பினால் நாலு மழையில் இறுகிப்போகும், காற்றுப் புகாது. வேருக்கும் மூச்சு முட்டும், வேரைக் காக்கும் நுண்ணுயிருக்கும் மூச்சு முட்டும்.

அடுத்த தவறு, நோய் வந்தபிறகு டிரைக்கோடெர்மா வாங்க ஓடுவது. டிரைக்கோடெர்மா ஒரு நல்ல பூசணம். கெட்ட பூசணத்தின் இழைகளைச் சுற்றிக்கொண்டு, அவற்றின் சுவரைக் கரைத்து உண்ணும். வேரைச் சுற்றியுள்ள இடத்தையும் உணவையும் முதலில் பிடித்துக்கொள்ளும். கும்மிடிப்பூண்டி ரயிலில் சென்ட்ரலிலேயே ஏறி உட்கார்ந்தவருக்குத்தான் இடம். பேசின் பிரிட்ஜில் ஏறுகிறவர் நிற்க வேண்டியதுதான். அதனால் செடி நடும் முன்பே மண்ணில் அது குடியேற வேண்டும். நன்றாக மக்கிய தொழு உரம் 10 கிலோவுக்கு 100 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி நிழலில் ஒரு வாரம், பத்து நாள் வையுங்கள். அப்புறம் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி போதும். மக்காத பச்சைச் சாணத்தைப் போட்டுவிட்டு மேலே டிரைக்கோடெர்மா தூவுவதில் பயனில்லை. சாணம் மக்கும் சூட்டில் வேர்தான் வெந்துபோகும்.

வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். உள்ளே இருப்பது உயிர். உரக்கடை வாசலில் வெயிலில் கிடந்த பாக்கெட் வேண்டாம். கார்பென்டாசிம் மாதிரியான பூசணக்கொல்லியோடு இதைச் சேர்க்கவும் கூடாது, டிரைக்கோடெர்மாவே செத்துப்போகும். கார்பென்டாசிம் செடிக்குள் ஊடுருவிப் பரவும் மருந்து என்பதையும் மறக்க வேண்டாம். தூதுவளையைத் துவையல் அரைக்கிறோம், கற்பூரவள்ளிச் சாறு பிழிந்து குழந்தைக்குக் கொடுக்கிறோம். அந்தச் செடிக்கு இதை ஊற்றுவதைவிட ஒரு தொட்டியை இழப்பது மேல். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வடசென்னைக்கென்று ஒரு சிக்கல், உப்புத் தண்ணீர். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்தது 1960களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. கடலோரம் போர் தண்ணீர் கரிக்கும் வீடுகள் நிறைய. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. உப்பால் நொந்த வேரில் கிருமி சுலபமாகப் புகும். ஆர்ஓ மெஷினில் கழிந்து வரும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. எண்ணம் நல்லதுதான். ஆனால் குழாய்த் தண்ணீரில் இருந்த உப்பு அதில் இன்னும் செறிந்து வருகிறது. அதை வீடு துடைக்க வைத்துக்கொண்டு, செடிக்கு மழைநீரோ மெட்ரோ தண்ணீரோ ஊற்றுங்கள்.

டிஏபி உரத்தை அள்ளிப் போடுவதும் கெடுதல். அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்தால் வேரோடு கூட்டு வாழும் வேம் (VAM) என்ற நல்ல பூசணம் ஒதுங்கிவிடும்.

செடி செத்த தொட்டியில் அதே மண்ணில் மறுபடி நடாதீர்கள். ஃபியூசேரியம் என்ற நோய்ப் பூசணத்தின் தடித்த வித்துகள் மண்ணில் வருடக்கணக்கில் தூங்கும். சித்திரை, வைகாசி வெயில் நமக்கு வரம். மண்ணைப் பரப்பி, நனைத்து, கண்ணாடி போல் தெரியும் பாலித்தீன் விரிப்பால் காற்றுப் போகாமல் மூடி நான்கிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். கறுப்பு விரிப்பு அந்த அளவுக்குச் சூடேற்றாது. இந்தச் சூட்டில் நல்லவையும் கொஞ்சம் சாகும். ஆகவே மூடியதை எடுத்ததும் டிரைக்கோடெர்மா கலந்த தொழு உரத்தைச் சேர்த்துவிடுங்கள்.

வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தால் அது அழுகல் இல்லை, நூற்புழு. துளசியிலும் அமுக்கராவிலும் அடிக்கடி பார்க்கலாம். அந்தச் செடியை மண்ணோடு அப்புறப்படுத்திவிட்டு, புது மண்ணில் வேப்பம் புண்ணாக்கு கலந்து நடுங்கள். பக்கத்திலேயே துலுக்கச் சாமந்தி ஒன்றிரண்டு வைத்தால் அதன் வேரே நூற்புழுவை அடக்கும்.